படுக்கையோட இருக்கறவங்களுக்கு ஆதரவு சிகிச்சைத் தொண்டு: வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சிருக்கோணும்?

காங்கயத்துக்காரி:
வணக்கமுங்க. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் சுத்துவட்டாரத்துல படுத்த படுக்கையா இருக்கறவங்க வீட்டுக்குப் போயிட்டு வர்ற குழுவுல நாங்க நாலு பேரு சேர்றோம். புத்துநோய் முத்துனவங்க, பக்கவாதத்துல விழுந்தவங்க, கிட்னி போயி இனி டயாலிசிஸ் வேண்டாம்னு நிறுத்துனவங்க, இப்படித்தான் அதிகம். நர்ஸ் வாரத்துக்கு ஒருக்கா வருவாங்க. நடுவுல நாங்க போகோணும். "அன்பாகப் பேசுங்கள், ஆறுதல் சொல்லுங்கள்"னு எல்லாப் பக்கமும் எழுதியிருக்குது. கையில செய்யற வேலையைப் பத்தித் தேடுனா ஒண்ணும் அகப்படறதில்லீங்க. தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.

வாளையார்வழி:
முதல்ல எல்லையைச் சொல்லிடறேன். ஊசி போடறது, மூத்திரக் குழாய் மாத்தறது, மாத்திரை அளவைக் கூட்டறது குறைக்கறது, இதெல்லாம் தொண்டர் வேலை இல்லை. திருப்பிப் படுக்க வைக்கறது, வாய் சுத்தம், நர்ஸ் காட்டிக் குடுத்தபடி புண்ணைக் கழுவறது, நோட்டுல கணக்கு எழுதறது, வீட்டாளுங்களுக்குச் சொல்லிக் குடுக்கறது, இவ்வளவுதான். கடைசியாச் சொன்னதுதான் பெரிய வேலை. வாரத்துல நீங்க இருக்கறது ரெண்டு மணி நேரம். அந்த வீட்டு மருமக இருக்கறது மிச்சம் 166 மணி நேரம். நீங்களே எல்லாம் செஞ்சுட்டு வந்தா அடுத்த நாள் அவங்களுக்குக் கை ஓடாது. முதல் தடவை நீங்க செஞ்சு காட்டுங்க, ரெண்டாவது சேர்ந்து செய்யுங்க, மூணாவது அவங்க செய்ய நீங்க பாருங்க.

பயிற்சி இல்லாமப் போகாதீங்க. 1993ல கோழிக்கோட்டுல தொடங்குன வலி நிவாரணக் கிளினிக்குல இருந்து வளர்ந்த அக்கம்பக்க வலையமைப்புல தொண்டருக்கு 16 மணி நேர வகுப்பு வெச்சு, அப்புறம் 4 நாள் நோயாளிகளை நேர்ல பார்த்துப் பழகவும் வைப்பாங்க. நம்ம பக்கம் அதுல பாதியாவது கேட்டு வாங்குங்க.

இன்னொண்ணு. 2021 ஆகஸ்ட் 5ல தொடங்குன 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வர்ற ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் அடக்கம். உங்க பட்டியல்ல இருக்கற ஆள் அதுல பதிவாகியிருக்காரான்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல முதல்ல கேளுங்க. கேக்காமப் போனா ஒரே நாள்ல ரெண்டு குழு வரும், அப்புறம் பத்து நாளைக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க.

செவிலி_பெருந்துறை:
படுக்கைப்புண்ணில் இருந்து தொடங்குகிறேன். தொண்டர்களால் உண்மையிலேயே தடுக்க முடிகிற துன்பம் அதுதான்.

எலும்பு துருத்தும் இடங்களில் உடம்பின் எடை ஒரே இடத்தை அழுத்தும்போது ரத்த ஓட்டம் நின்று தோல் சாகிறது. வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, காது மடல், பின்தலை. போனவுடன் பார்க்க வேண்டியது இவற்றைத்தான். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் பரவாயில்லை, வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. நம் ஊர்க் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றுப்புறத்தைவிடக் கறுத்து, சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்கவோ எண்ணெய் போட்டு நீவவோ கூடாது. உள்ளே நைந்திருக்கும் சதை தேய்த்தால் இன்னும் கிழியும்.

2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பெலும்பு மேல் எடை விழும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை, கெண்டைக்கால் கீழே ஒன்று. குதிகால் மெத்தையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். மூன்று தலையணை இல்லாத வீட்டில் பழைய சேலையைச் சுருட்டிக் கட்டிக்கொள்ளுங்கள்.

அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள். இழுக்கும்போது தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ள, எலும்பு மட்டும் நகரும், அங்கேதான் கிழிகிறது. பழைய நூல் சேலை அல்லது வேட்டியை நாலாக மடித்துத் தோளில் இருந்து தொடை வரை வருமாறு அடியில் போட்டு வையுங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று, துணியை உடம்புக்கு ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லித் தூக்கி நகர்த்துங்கள். முழங்காலை மடக்கித் தூக்கினால் உங்கள் இடுப்பு பிழைக்கும். சாப்பாட்டு நேரம் தவிரத் தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்த வேண்டாம். உயர்த்தினால் உடம்பு வழுக்கி வழுக்கி இறங்கும், வால் எலும்புப் பக்கம் தோல் உரியும்.

ஈரம் இரண்டாவது எதிரி. டயப்பரை 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள், மலம் போனால் உடனே. கழுவி, ஒற்றித் துடைத்து, மெலிதாகத் தேங்காய் எண்ணெயோ துத்தநாகக் களிம்போ தடவலாம். தொடை இடுக்கில் பவுடர் வேண்டாம். வேர்வையில் கட்டிகட்டியாகி உராயும்.

காங்கயத்துக்காரி:
ரொம்ப நன்றிங்க்கா. தோட்டத்துச் சாளைகள்ல பாதிப் பேரு கயித்துக் கட்டில்லதான் படுத்திருக்காங்க. அதுமேல காத்து மெத்தை போடலாங்களா? கரண்டும் போயிப் போயி வருமுங்க.

சென்னிமலைத்தறி:
கயித்துக் கட்டில்ல நடு தொய்யும். மெத்தையும் கூடவே தொய்ஞ்சு, இடுப்பு குழியில போய் உக்காந்துக்கும். கட்டில் அளவுக்குப் பிளைவுட் பலகை ஒண்ணு வெட்டி மேல போட்டு, அதுமேல சாதா மெத்தை, அதுமேல காத்து மெத்தை. பலகை ஆடாம நாலு மூலையிலயும் கயிறு போட்டுக் கட்டிக்கோணும்.

காத்து மெத்தைக்குக் காத்து அடிக்கற மோட்டாரைக் கால்மாட்டுல மாட்டுங்க, தரையில வெச்சா எலி குழாயைக் கடிச்சுப் போடும். எடைக்குத் தக்கபடி திருப்பற திருகு ஒண்ணு இருக்கும். அதை எவ்வளவு வெக்கறதுன்னு குழப்பிக்க வேண்டாம்: ஆளைப் படுக்க வெச்சுட்டு, இடுப்புக்கு நேரா காத்து மெத்தைக்கு அடியில உள்ளங்கையை விட்டுப் பாருங்க. ஒரு அங்குலம் காத்து தாங்கினாச் சரி. எலும்பு கையில இடிச்சா காத்து பத்தலை. பாறையாட்டம் இருந்தா அதிகம். போறப்பெல்லாம் இதைப் பாக்கோணும்.

மேல ஒரே ஒரு நூல் விரிப்பு. குளுருமேன்னு ஜமுக்காளம், ரப்பர் சீட்டு, கம்பளின்னு அடுக்குனா காத்து மெத்தை வாங்குன காசு தெண்டம். ஊக்கு குத்தவே கூடாது. மோட்டார் ரொம்பக் கம்மியாத்தான் கரண்டு இழுக்கும், வீட்டுல இன்வர்ட்டர் இருந்தா அதுல சொருகிடுங்க. இல்லாத வீட்டுல கரண்டு போனதும் காத்து இறங்கிட்டே இருக்கும், அப்போ ரெண்டு மணி நேரக் கணக்கை விடவே கூடாது. மெத்தை வந்துட்டா இனித் திருப்ப வேண்டாம்னு நெனைக்கறாங்க பாருங்க, புண்ணு வர்ற எடமே அதுதான்.

பொள்ளாச்சிச்சந்தை:
நடுவுல ஓட்டை இருக்கற ரப்பர் வளையம் மருந்துக்கடையில விக்கறாங்களே? இடுப்புக்கு அடியில குடுத்தா புண்ணுக்கு அழுத்தம் வராதுங்கறாங்க.

செவிலி_பெருந்துறை:
வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றியுள்ள சதையை அழுத்தி, நடுவில் இருக்கும் புண்ணுக்கு வரும் ரத்தத்தையே நிறுத்திவிடும். காசு கொடுத்துப் புண்ணைப் பெரிதாக்குகிற சாமான்.

மாத்திரைப்பெட்டி:
மருந்து பத்தி நான் சொல்றேன். மார்ஃபின்னு பேரைக் கேட்டதும் வீட்டுல பதறுவாங்க. 1985ல வந்த போதைப்பொருள் சட்டத்தால பல வருசம் ஆஸ்பத்திரிகளே வாங்கி வெக்கப் பயந்தது உண்மை. 2014 திருத்தத்துல மார்ஃபினை அத்தியாவசிய மருந்து வகையில சேர்த்து நடைமுறையைச் சுலபமாக்குனாங்க. அங்கீகாரம் இருக்கற மருத்துவமனையில டாக்டர் சீட்டுக்கு மட்டும் குடுப்பாங்க.

சாதாரண மாத்திரையோட வேலை 4 மணி நேரம்தான். அதனால காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10னு நேரம் எழுதிக் குடுப்பாங்க. நடுச்சாமம் 2 மணிக்கு எழுப்பாம இருக்க 10 மணிக்கு ரெண்டு பங்கு போடச் சொல்றதும் வழக்கம். அதைப் பாத்துட்டு "தப்பா எழுதிட்டாங்க"ன்னு வீட்டுல பாதியாக் குறைச்சுடுவாங்க, கவனிங்க. வலி வந்தாத்தான் குடுப்போம்னு காத்திருக்கறது இன்னொரு பெரிய தப்பு. வலி ஏறிட்டா அடக்க அதிக மருந்து வேணும். நேரத்துக்குக் குடுத்தா ஏறவே விடாது. மெதுவாக் கரையற வகை மாத்திரையைப் பொடி பண்ணிக் குடுக்கவே கூடாது, 12 மணி நேர மருந்து ஒரே மூச்சுல இறங்கிடும்.

படிக்கத் தெரியாத ஆத்தா கவனிச்சுக்கற வீட்டுல சூரியன், உச்சிப்பொழுது, நிலா படம் வரைஞ்சு காகிதப் பொட்டலமாக் கட்டி வையுங்க.

மலச்சிக்கல் கட்டாயம் வரும். மத்தத் தொந்தரவு நாள்பட அடங்கும், இது அடங்காது. அதனாலதான் கூடவே மலமிளக்கி எழுதியிருப்பாங்க. "வெளிக்கே போகலீங்க, அதனால அந்த மாத்திரையையும் நிறுத்திட்டோம்"னு வலி மாத்திரையை நிறுத்திடுவாங்க. 3 நாள் போகலைன்னா நர்ஸுக்குப் போன் பண்ணுங்க. திடீர்னு தண்ணியாட்டம் கசிஞ்சா பேதின்னு மாத்திரை போடாதீங்க. உள்ளே கெட்டியா அடைச்சுக்கிட்டு அதைச் சுத்திக் கசியறதா இருக்கலாம்.

தட்டி எழுப்பினாலும் முழிக்கலை, மூச்சு ரொம்ப மெதுவா வருது, கண்மணி ஊசிமுனையாச் சுருங்கியிருக்கு, இல்ல கைகால் வெடுக் வெடுக்குனு துள்ளுது: அடுத்த வேளை குடுக்கறதுக்கு முன்னாடி கூப்பிட்டுக் கேளுங்க. கிட்னி கெட்டவங்களுக்கு மருந்து உடம்புல தங்கிடும். போறப்பெல்லாம் மாத்திரையை எண்ணி நோட்டுல எழுதுங்க. மிச்சத்தை வாங்குன இடத்துலயே திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. பக்கத்து வீட்டு நோயாளிக்கு எடுத்துட்டுப் போற உபகாரம் வேண்டவே வேண்டாம்.

நொய்யல்கரை:
வாய் சுத்தத்தை எல்லாரும் மறந்துடறாங்க. ஒரு டம்ளர் ஆறின வெந்நீர்ல அரை டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, சின்னக் குழந்தைப் பிரஷ் இல்லாட்டி விரல்ல சுத்துன காஸ் துணி. பல்லு, ஈறு, கன்னத்துக்கு உள்பக்கம், நாக்கு. தண்ணி சொட்டாமப் பிழிஞ்சுக்கோங்க. மயக்கத்துல இருக்கறவங்க வாய்க்குள்ள விரலை விடாதீங்க, கடிச்சுடுவாங்க. நாக்குல மாவு படிஞ்சிருந்தா, முழுங்கத் தெம்பு இருக்கறவங்களுக்கு அன்னாசித் துண்டு ஒண்ணு சப்பக் குடுக்கலாம். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய். பல்செட்டைக் கழட்டிக் கழுவுங்க, ராத்திரி போட்டுட்டுத் தூங்க விடாதீங்க. நாக்குல வெள்ளையா ஒட்டிக்கிட்டு, தொடச்சா ரத்தம் வந்தா அது பூஞ்சை, மருந்து இருக்கு, நர்ஸ்கிட்டச் சொல்லுங்க.

மூக்குக் குழாய்ல ஊத்தறவங்களுக்கு: தலைமாடு 30 முதல் 45 டிகிரி, ஒரு வேளைக்கு 200 மி.லி.க்கு மேல வேண்டாம், ராகிக் கூழைத் துணியில வடிகட்டுங்க. ஊத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் 30 மி.லி. தண்ணி விடோணும், இல்லாட்டி அடைச்சுக்கும். சிரிஞ்சை அமுக்கித் தள்ளாதீங்க, தானா இறங்கட்டும். முடிஞ்சும் அரை மணி நேரம் படுக்க வெக்காதீங்க. மூக்குப் பக்கம் குழாய்ல போட்ட அடையாளம் நகர்ந்திருந்தா ஒரு சொட்டும் ஊத்தாதீங்க.

பவானிக்காரன்:
கடைசி நாள்ல சாப்பாட்டு விசயம்தான் பெரிய தலைவலி. ஒறம்பரை வந்து நின்னுட்டு "பட்டினி போட்டே கொன்னுட்டீங்க"ம்பாங்க. அதுக்குப் பயந்து வாயைப் பொளந்து கஞ்சி ஊத்துவாங்க. அப்புறம் பால் ஊத்தற சாங்கியம். இதையெல்லாம் தொண்டர் கண்டிப்பாத் தடுக்கோணும்.

செவிலி_பெருந்துறை:
தடுத்தால் அடுத்த தடவை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வழி மாற்றிக் கொடுங்கள். விழுங்கும் சக்தி போன பிறகு ஒரு கரண்டிப் பாலும் மூச்சுக்குழாயில்தான் இறங்கும். தலையை ஒரு பக்கம் சாய்த்து, சுத்தமான நூல்துணியைப் பாலில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொருவராக உதட்டில் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் வைத்ததும் துடைத்துவிட்டு அடுத்தவர். மண் கரைத்து ஊற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் வீட்டில் தோட்டத்து மண்ணை உள்ளங்கையில் வைக்கச் சொன்னால் பெரியவர்களும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, உடம்பு அடங்கும்போது பசி முதலில் போகிறது, சாப்பிடாததால் உயிர் போவதில்லை. இதைச் சொன்னால் மட்டும் போதாது. வேறு வேலை கொடுங்கள். உதட்டை ஈரமாக வைத்திருக்க ஒருவர், காலுக்கு எண்ணெய் தடவ ஒருவர். சும்மா நிற்பவர்தான் கஞ்சிக் கிண்ணத்தைத் தேடுவார்.

பவானிக்காரன்:
உள்ளங்கை மண்ணு சரியாப் படுதுங்க. ஆனா பால் விசயத்துல நர்ஸ் பக்கத்துல இல்லாதப்போ இருபது பேரு வரிசையில நின்னா யாரு துணியைப் பிழியறது?

நொய்யல்கரை:
அந்த வேலையை வீட்டுல வயசுல மூத்த பெண்மணிகிட்டக் குடுத்துடுங்க. அவங்க கையில இருந்து ஒருத்தரும் பிடுங்க மாட்டாங்க.

வாளையார்வழி:
பேச்சு பத்தி ஒரே ஒரு விசயம். "ஐயனுக்குப் புத்துநோய்னு தெரியாது, நீங்க சொல்லிப் போடாதீங்க"ன்னு வாசல்லயே மகன் கையைப் புடிப்பாரு. உள்ளே போனா ஐயன் உங்களைத் தனியா வெச்சுக் கேப்பாரு, "ஏங்கண்ணு, எனக்கு நல்லாயிருமா?" பொய்யும் சொல்லாதீங்க, போட்டும் உடைக்காதீங்க. "உங்களுக்கு என்ன தோணுதுங்க?"ன்னு திருப்பிக் கேளுங்க, பெரும்பாலும் அவருக்கே தெரிஞ்சிருக்கும். அவரு சொன்னதை அப்படியே நர்ஸ், டாக்டர்கிட்டச் சேருங்க. மகன்கிட்ட, "அவரே கேட்டா என்ன சொல்லலாம்னு டாக்டரோட உக்காந்து பேசலாமுங்க"ன்னு சொல்லுங்க. கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும், எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான், கோயமுத்தூர்ல ஒரு வைத்தியர் இருக்காரு: இந்த நாலும் வாயில வரவே கூடாது.

சென்னிமலைத்தறி:
தோட்டத்து வீடுகளுக்குப் போறவங்களுக்கு: கிளம்பறப்போ ஒரு போன், இட்டேரி முக்குல நின்னு ஒரு போன். நாயை அவுத்து விட்டிருப்பாங்க. பால் கறக்கற நேரத்துல போகாதீங்க, வீட்டுல ஒருத்தரும் உங்ககூட நிக்க முடியாது. பத்து மணிக்கு மேல நாலு மணிக்குள்ள நல்லது. ரெண்டு பேராப் போங்க, அதுல ஒருத்தர் பெண்ணா இருக்கட்டும். பொம்பளை நோயாளியைக் குளிப்பாட்ட ஆம்பளை போய் நின்னா அந்த வீடு அன்னிக்கோட மூடிக்கும்.

"நீங்க என்ன ஆளுங்க?"ன்னு கேப்பாங்க. கேக்காம இருக்க மாட்டாங்க. "குழுவுல இருந்து வர்றோமுங்க"ன்னு சொல்லிட்டு வேலையைத் தொடங்குங்க. கூட வந்தவரைத் திண்ணையோட நிறுத்துனா, உள்ளே போறதா இல்லையான்னு குழுவாச் சேர்ந்து முடிவெடுங்க, நோயாளியைக் காரணம் காட்டி ஒருத்தரை மட்டும் விழுங்கிக்கச் சொல்லாதீங்க. அதேபோல காலனிப் பக்கம் இருக்கற நோயாளி உங்க பட்டியல்ல இருக்காரான்னும் பாருங்க. இல்லைன்னா பட்டியல் போட்டவங்ககிட்டக் கேளுங்க.

பணம் கைமாத்தாக் குடுக்கறது, ஏடிஎம் கார்டை வாங்கிட்டுப் போய் எடுத்துக் குடுக்கறது, உயில்ல சாட்சிக் கையெழுத்து, எதுவும் வேண்டாம். பங்காளிச் சண்டை இருக்கற வீட்டுல சாட்சி போட்டா கோர்ட்டுலதான் நிக்கோணும். போட்டோ எடுக்காதீங்க, குழு வாட்ஸ்அப்புலயும் பேரு போடாதீங்க.

காங்கயத்துக்காரி:
புண்ணு நாத்தத்துக்கு என்னங்க பண்றது? வாய்ப்புத்து வந்தவங்க வீட்டுல சாம்பிராணி போட்டுப் போட்டு உள்ளே நிக்கவே முடியறதில்லையாம்.

செவிலி_பெருந்துறை:
புகை வேண்டாம், மூச்சுத் திணறல் உள்ளவருக்கு அது தண்டனை. நாற்றம் காற்றில்லாமல் வாழும் கிருமிகளால் வருகிறது. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவச் சொல்லி மருத்துவர் எழுதுவார். ஓரிரு நாளிலேயே நாற்றம் குறையத் தொடங்கும். கழுவ, அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்பு போட்டுக் கொதிக்க வைத்து ஆறவிட்ட நீர் போதும், அன்றன்றைக்கு. புண்மேல் கட்டிய பழைய துணியைக் காய்ந்தபடியே பிய்க்காமல் அந்த உப்புத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு எடுங்கள், இல்லையென்றால் ரத்தம் கொட்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் கரும்பச்சை அல்லது சிவப்புத் துண்டு ஒன்று எப்போதும் இருக்கட்டும்; ரத்தம் வந்தால் 10 நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடிக்க. வெள்ளைத் துணியில் கொஞ்சம் ரத்தமும் வீட்டாரைக் கலங்கடித்துவிடும். புழு தெரிந்தால் நீங்கள் நோண்ட வேண்டாம், அன்றே செவிலியரைக் கூப்பிடுங்கள்.

மாத்திரைப்பெட்டி:
வீட்டுல உயிர் பிரிஞ்சா காகித வேலை இருக்குதுங்க. கடைசியாப் பாத்த டாக்டர்கிட்ட இறப்புக் காரணச் சான்று, வீட்டு இறப்புன்னா படிவம் 4ஏ. எந்த டாக்டர் தருவாருன்னு முன்கூட்டியே பேசி வெச்சுக்கோங்க, ராத்திரி ரெண்டு மணிக்குத் தேடக் கூடாது. ஊராட்சின்னா விஏஓகிட்டப் பதிவு, 21 நாளுக்குள்ள. கண் தானம் குடுக்க விருப்பம் இருந்தா 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கோணும். உடனே கண் வங்கிக்குச் சொல்லிட்டு, இமையை மூடி ஈரப் பஞ்சு வெச்சு, ஃபேனை நிறுத்தி, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்க. ரத்தப் புத்து மாதிரி சிலது தவிர மத்தப் புத்துநோய்க்குப் பெரும்பாலும் தடை இல்லை, முடிவு அவங்க சொல்வாங்க. குழாய்களை வீட்டாளுங்க இழுக்க வேண்டாம், மூத்திரக் குழாய்க்கு உள்ளே தண்ணி பலூன் இருக்கும்.

சென்னிமலைத்தறி:
குழுவுல இருந்து குடுத்த காத்து மெத்தையை உயிர் பிரிஞ்ச அன்னிக்கே கழட்டிட்டு வராதீங்க. கருமாதி முடிஞ்சதும், துக்கம் விசாரிக்கற மாதிரி போய், மருமக தூங்கறாங்களா சாப்படறாங்களான்னு கேட்டுட்டு, அப்புறமா வாங்கிட்டு வாங்க. சோப்புத் தண்ணியில ரெண்டு பக்கமும் தொடச்சு, நிழல்ல காய வையுங்க. வெயில்ல போட்டா ரெக்சின் வெடிச்சுப் போகும். மடிக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா மோட்டார் போட்டு, எந்த அறையில காத்து கசியுதுன்னு பாத்து, ஓட்டை இருந்தா அப்பவே ஒட்டிடுங்க. அடுத்த வீட்டுல போய்த் தேடாதீங்க.